மூன்றாம் அடுக்கு காலி

வஞ்சிக்கு இரண்டு முறை தட்டு மாற்ற நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் தட்டு திரும்பி வந்துவிட்டது.

தட்டு என்றால் வெற்றிலை பாக்கு வைக்கும் தட்டை மட்டும் சொல்லவில்லை. அதுவும் உண்டு, வாழைப்பழமும் பூவும் உண்டு. ஆனால் அவற்றுக்கு நடுவில் வைக்கும் வட்டத் தட்டுதான் முக்கியம். உள்ளங்கை அகலம், நடுவில் துளை, சாய்த்துப் பிடித்தால் வானவில். வரன் தேடுகிறவர்கள் காதுக்குப் பின்னால் பொட்டு அளவில் ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டு தொண்ணூறு நாள் நடமாட வேண்டும். வில்லை பிடித்து வைத்ததை மனப்பதிவு நிலையத்தில் தட்டில் இறக்கிக் கொடுப்பார்கள். நிச்சயத்தன்று இரு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து, பெண் தட்டையும் மாப்பிள்ளைத் தட்டையும் போட்டுக் கேட்பார்கள். பிடித்திருந்தால் மாற்றிக்கொள்வார்கள். தட்டு மாற்றுவது என்று முன்பே ஒரு சொல் தயாராக இருந்ததால், இந்தப் புதுப் பழக்கம் ஈரோட்டில் யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை.

வஞ்சியின் முதல் தட்டில் தொண்ணூறு நாளுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடப் பேச்சுதான் இருந்தது. அதிலும் பாதி "ம்". மாப்பிள்ளை வீட்டார் "தட்டு பழுது" என்று எழுதி ஒட்டி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே மாப்பிள்ளையின் சித்தப்பா தூங்கிவிட்டார். விழித்ததும், "பொண்ணு எப்பங்க வரும்?" என்று கேட்டார். வஞ்சி அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அம்மா பாவாயி விடவில்லை. "புதுசா ஒண்ணு பதிஞ்சு வெப்போம் கண்ணு. இந்தத் தடவை நாலு வார்த்தை கூடப் பேசு" என்று சொல்லி மறுபடியும் நிலையத்துக்கு அனுப்பினாள்.

அங்கே வில்லை ஒட்டியவன் பெயர் செங்கோட்டுவேல். பழைய பெயர்கள் மறுபடியும் நாகரிகமாகிவிட்ட காலம் அது. அவன் படித்த வகுப்பில் மட்டும் நாலு செங்கோட்டுவேல்கள். லென்ஸ் சரிபார்ப்பதுதான் அவன் வேலை, ஆள் குறைவான நாட்களில் வில்லையும் ஒட்டுவான். அவனும் வரன் தேடுகிறவன்தான், அவன் காதுக்குப் பின்னாலும் ஒரு வில்லை இருந்தது.

"தட்டுல மூணு அடுக்குங்க" என்று அவன் ஆரம்பித்தான். "அடியில இருக்கறது பேச்சு. ஒண்ணேகால் மில்லி ஆழம். நடுவுல, அதுல பாதி ஆழத்துல, முழுங்குன பேச்சு. அதாவது தொண்டை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனது. எல்லாத்துக்கும் மேல, தோலுக்குக் கீழ, நினைப்பு."

நினைப்புதானே அடியில் இருக்க வேண்டும் என்று வஞ்சி கேட்கவில்லை. கேட்டதுபோல அவன் பதில் சொன்னான்.

"எல்லாரும் அப்பிடித்தான் நினைப்பாங்க. மஞ்சள் மூட்டை தெக்கிற கோணி ஊசி இருக்குதுங்கல்லோ, அது மாதிரி அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாது, ஆனா தடிசு. பேச்சு பெரிய பெரிய குழியாப் பதியும், அதைப் படிக்க அது போதும். சிவப்புக் கதிர் துணி தெக்கிற ஊசி. ஊதாக் கதிர் பூ வேலை செய்யற ஊசி. நினைப்பு அத்தனை பொடிசாப் பதியறதுனால ஊதாவுக்குத்தான் அது அகப்படும். ஆனா அந்த ஊசியை ஆழமா எறக்குனா, தட்டு துளி சாஞ்சாலும் எல்லாம் கலங்கிப் போயிரும். அதனால நினைப்பை மேலாப்புலயே வெச்சிர்றோம். மில்லியில பத்துல ஒரு பங்குங்க. நகம் பட்டாப் போச்சு."

வஞ்சி தலையாட்டினாள்.

"மெஷினுக்கு எந்தத் தட்டுல எந்த அடுக்கு இருக்குதுன்னு தெரியாதுங்க. லென்ஸை மேலயும் கீழயும் ஆட்டிப் பாக்கும். வெளிச்சம் எங்கிருந்து திரும்பி வருதோ அங்க நின்னு படிக்கும். திரும்பி வரலைன்னா, ஒண்ணுமில்லைன்னு சொல்லிரும். நீங்க எதாவது கேக்கோணுமுங்களா?"

கேட்டுவிட்டு அவன் காத்திருந்தான். பொதுவாக வஞ்சியிடம் கேள்வி கேட்பவர்கள் மூன்று விநாடி பார்த்துவிட்டு, அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்பார்கள், காதில் கோளாறு என்பதுபோல. இவன் அப்படிச் செய்யவில்லை. ஒரு துணியை எடுத்து லென்ஸைத் துடைத்தபடி, பதில் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் இருக்கட்டும் என்பதுபோல நின்றான். பதில் வரவில்லை. அவன் சிரித்தான்.

"பயப்படாதீங்க. மண்டபத்து மெஷின் எல்லாம் ரெண்டு கதிர்தான். ஊதா எங்களுக்கு நிலையத்துல சோதிக்கறதுக்கு மட்டும். உங்க மூணாவது அடுக்கை ஆரும் படிக்கப் போறதில்லீங்க."

இதைக் கேட்டது வஞ்சியின் மனதுக்கு அணை திறந்துவிட்டதுபோல ஆகிவிட்டது. பேசாதவள் நினைக்காதவள் இல்லை. வாய்க்கு வராததெல்லாம் உள்ளே போய்க் கூட்டம் கூட்டமாக நின்றுகொண்டிருந்தது. தெருவில் போகிறவர்கள், பஸ்ஸில் வருகிறவர்கள், சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அவள் உள்ளே பெயர் வைத்திருந்தாள். நியாயம் கேட்டாள், சண்டை போட்டாள், மன்னிப்பும் கொடுத்தாள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வில்லை மாற்ற நிலையத்துக்குப் போனபோது, செங்கோட்டுவேல் பேச அவள் கேட்டாள். மூன்றாம் முறை போனபோது, ஆள் குறைவாக இல்லாத நாளிலும் அவனே வந்து வில்லை மாற்றியதைக் கவனித்தாள்.

பதினோராவது வாரம் அவன் அம்மா நாச்சம்மாள் பெண் கேட்டு வந்துவிட்டார்.

நாச்சம்மாள் கூப்பிட்டுப் பேசும் தூரத்தில் இருப்பவர்களிடமும் மேட்டூர் வரை கேட்கும்படி பேசுபவர். நாற்காலியில் உட்காரும் முன் அதைத் தூக்கிப் பார்த்து, நாலு காலையும் ஆட்டிப் பார்த்து, "ம், திடமாத்தான் இருக்குது" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். காபியைக் குடித்துவிட்டு, "பால் எந்த வீட்டுதுங்க? தண்ணி சேக்கறான், சொல்லி வைங்க" என்றார்.

'இந்த அம்மா கடவுளைப் பார்த்தாலும் காலை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடும்' என்று வஞ்சி நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் அடுத்த குண்டு விழுந்தது.

"என்ற பையன் ஆசைப்படறான், செரி. ஆனா சம்பந்தி, எனக்குப் பேச்சுல நம்பிக்கை இல்லை. கோயமுத்தூர்ல வீட்டு உபயோகத்துக்கு மூணு கதிர் மெஷின் வந்திருக்குது. நான் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். நிச்சயத்துக்குக் கொண்டாறேன். நினைப்பைக் கேட்டுட்டுத்தான் தட்டு மாத்துவேன்."

வஞ்சியின் அப்பா தெய்வசிகாமணி பெருமையோடு மகளைப் பார்த்தார். "கேளுங்க சம்பந்தி, தாராளமாக் கேளுங்க. எங்க பொண்ணு மனசு கண்ணாடி."

கண்ணாடிக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. இந்த இடம் அவளுக்கு வேண்டும். அவள் வாழ்க்கையில் யாரையும் இப்படி வேண்டும் என்று நினைத்ததில்லை. ஆனால் தட்டில் நாச்சம்மாளைப் பற்றி ஏற்கெனவே ஒரு பத்து நிமிடம் ஏறியிருக்கும். இன்னும் இரண்டு வாரம் வில்லை காதில் இருக்கும். நினைக்காமல் இருக்க அவள் பதினாறாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தாள். ஓர் பதினாறு பதினாறு. ஈர் பதினாறு முப்பத்திரண்டு. ஏழ் பதினாறு வரும்போது நாச்சம்மாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். மறுபடி ஓர் பதினாறு. பதினான்கு நாளும் அவளால் ஏழாம் படியைத் தாண்ட முடியவில்லை.

நிச்சயம் பெருந்துறை ரோட்டில் ஒரு மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. மண்டபம் பார்த்ததும் பந்தி ஏற்பாடு செய்ததும் நாச்சம்மாள். மூணு கதிர் மெஷினைத் துண்டில் சுற்றி மடியில் வைத்தே காரில் வந்திருந்தார். சோறு ஆக்கும் குக்கர் அளவுக்கு இருந்தது. மூடியில் வட்டமாக ஒரு கண்ணாடிச் சன்னல்.

பெண் வீட்டுத் தட்டை பாவாயி கொண்டுவந்து வைத்தபோது, உறம்பரையாக வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வெற்றிலை, பழம், பூ, கொம்பு மஞ்சள், நடுவில் வட்டத் தட்டு. வட்டத் தட்டு மஞ்சளாக இருந்தது.

"என்னம்மா இது?" என்று வஞ்சி கண்ணாலேயே கேட்டாள்.

"மஞ்சள்தான் கண்ணு. வெறுந்தட்டையா சபைக்குக் கொண்டாருவாங்க? வாங்குன பிரிட்ஜுக்கு வெக்கறோம், ஸ்கூட்டருக்கு வெக்கறோம், உனக்கு நடக்கற நல்ல காரியத்துக்கு வெக்காம விடுவனா? ரெண்டு தடவை வெக்கலை, ரெண்டு தடவையும் திரும்பி வந்துச்சு. இந்தத் தடவை பச்சை மஞ்சளை அரைச்சு, எண்ணெய் விட்டு, ரெண்டு பக்கமும் பூசி, ராத்திரி பூரா ஊற வெச்சேன். காலையில துணியில துடைச்சுப் பாத்தா, கறை அப்பிடியே பிடிச்சுக்கிச்சு. லட்சணமா இருக்குதில்ல?"

உண்மையிலேயே லட்சணமாகத்தான் இருந்தது. சாம்பார் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாபோல ஊடுருவிப் பார்க்கக்கூடிய மஞ்சள்.

நாச்சம்மாள் தட்டை உள்ளே வைத்து மூடியை அழுத்தினார். செங்கோட்டுவேல் பட்டுச் சட்டையில் எதிரே உட்கார்ந்து வஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல் அடுக்கு" என்றது மெஷின். கோணி ஊசி வேலையை ஆரம்பித்தது. "ம்." "சரிங்க." "ம்." "வேண்டாமுங்க." "ம்." பதினான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. முதல் தட்டைவிட இரண்டு நிமிடம் கூடுதல் என்று பாவாயி பக்கத்து வரிசையில் சொல்லிக்கொண்டாள்.

"இரண்டாம் அடுக்கு." சன்னலில் சிவப்பு வெளிச்சம் சுழன்றது. விழுங்கிய பேச்சு வந்தது. "எறங்கோணும்ங்க… கண்டக்டரு… எறங்கோணும்… செரி, அடுத்த ஸ்டாப்புல." பிறகு, "அண்ணா, நான்தான் மொதல்ல நின்னேன்…" பிறகு மறுபடி, "எறங்கோணும்ங்க… போச்சு." தொண்ணூறு நாளில் இருபத்தாறு முறை அவள் தன் நிறுத்தத்தைத் தவறவிட்டிருந்தாள். மண்டபம் சிரித்தது. செங்கோட்டுவேல் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"மூன்றாம் அடுக்கு."

வஞ்சி கண்ணை மூடிக்கொண்டாள். மெஷினுக்குள் லென்ஸ் மேலே போனது, கீழே வந்தது, மேலே போனது. தேடிற்று. மறுபடியும் தேடிற்று. வஞ்சி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். சன்னலில் பச்சையாக ஒரு வெளிச்சம், பாசிபோல மின்னிக்கொண்டிருந்தது.

"மூன்றாம் அடுக்கு காலி. பதிவு இல்லை."

 பிறகு நாச்சம்மாள் எழுந்து நின்றார். அவர் முகம் பாலில் தண்ணீர் இல்லை என்று தெரிந்தவர் முகம்போல மலர்ந்திருந்தது.

"காலி! கேட்டீங்களா எல்லாரும்? வெளியயும் ஒண்ணுமில்லே, உள்ளயும் ஒண்ணுமில்லே! ஏழு பொண்ணு பாத்தேன். ஒவ்வொருத்தி வாயில தேன், அவங்க மனசுல என்ன இருக்குதுன்னு ஆருக்குத் தெரியும்? இந்தப் பொண்ணுக்கு மனசுன்னு ஒண்ணே இல்லீங்க! இந்த மாதிரி ஒண்ணைத்தான் நான் தேடிக்கிட்டே இருந்தேன்!"

இதற்குப் பெருமைப்படுவதா என்று தெய்வசிகாமணிக்கு ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. எல்லாரும் கை தட்டுவதைப் பார்த்துவிட்டுப் பெருமைப்பட்டார். "நாங்க அப்பிடித்தான் வளத்தோமுங்க" என்று சொல்லி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வஞ்சிக்கு உயிர் திரும்பி வந்தது. தப்பித்துவிட்டாள். ஆனால் அடுத்த நிமிடமே ஏதோ உறுத்திற்று. தொண்ணூறு நாள் நியாயம் கேட்டது, சண்டை போட்டது, எல்லாம் எங்கே போயிற்று? காலியா? நானா?

"மாப்பிள்ளைத் தட்டைப் போடுங்க" என்றார் யாரோ.

செங்கோட்டுவேலின் தட்டில் மஞ்சள் இல்லை. நிலையத்து ஆள் ஆயிற்றே, கண்ணாடி உறையிலிருந்து நேராக எடுத்து வைத்தான். முதல் அடுக்கு முழுக்க லென்ஸைப் பற்றியும் துணியைப் பற்றியும் இருந்தது. இரண்டாம் அடுக்கு முழுக்க அம்மாவைப் பற்றி இருந்தது. "அம்மா, எனக்கு அந்தச் சட்டை…" "அம்மா, நானே…" "அம்மா…" ஒவ்வொன்றும் பாதியில் நின்றது. நாச்சம்மாள் கழுத்தை நீட்டிக் கேட்டார்.

மூன்றாம் அடுக்கு வந்தபோது சன்னலில் நல்ல ஊதா வெளிச்சம், கத்திரிப்பூ நிறத்தில். அவன் குரலிலேயே நினைப்பு வந்தது.

"அம்மா வைக்கற ரசத்துல ரசம் தவிர எல்லாம் இருக்குது."

"என்னது?" என்றார் நாச்சம்மாள்.

"இன்னைக்கும் பச்சைச் சட்டை. நான் என்ன வெண்டைக்காயா?"

உறம்பரையில் ஒருவர் இருமினார். செங்கோட்டுவேலின் காது சிவந்துபோயிற்று. மெஷினுக்கு ஈவு இரக்கம் கிடையாது. அது பாட்டுக்கு நாள் நாளாகப் படித்துக்கொண்டே போயிற்று. முப்பது வருட ரசமும், சட்டையும், அம்மா அவனுக்குப் பதிலாக அவன் நண்பர்களிடம் பேசியதும் சபையில் வந்து விழுந்தன. பிறகு திடீரென்று குரல் மாறிற்று.

"அந்தப் பொண்ணு இன்னைக்கும் பேசலை. ஆனா கண்ணு ஓடிக்கிட்டே இருந்துச்சு. உள்ள ஒரு சந்தையே நடக்குதாட்ட இருக்குது. அந்தச் சந்தைக்குள்ள ஒருநாள் போயிட்டு வந்தாப் போதும். நம்ம வீட்டுல ஒரே குரல்தான் கேக்குது. இன்னொரு குரல் கேக்கோணும்."

மெஷின் நின்றது. பாவாயி, "அட, நல்ல பையன்" என்றாள். தட்டு மாற்ற ஐயர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"சித்த இருங்க" என்றான் செங்கோட்டுவேல். எழுந்து நின்றிருந்தான். "மாத்த வேண்டாம்ங்க."

"ஏன்டா?" நாச்சம்மாளின் குரலில் மண்டபத்துக் கதவு ஆடிற்று. "என்ற ரசத்தைப் பத்தி நினைச்சதையே நான் மன்னிச்சுட்டேன். இனி உனக்கு என்ன?"

அவன் வஞ்சியைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபமோ இளக்காரமோ இல்லை. கடைசிப் பஸ்ஸை விட்டவன் முகம்.

"மெஷின் பொய் சொல்லாதுங்க. எட்டு வருசமா நான் நிலையத்துல சரிபாக்கற அதே மாதிரி லென்ஸ்தான் அதுலயும். தப்பா நினைச்சது நான்தான். உள்ள என்னமோ இருக்குதுன்னு நானாக் கற்பனை பண்ணிக்கிட்டேன். அவங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க. ஆனா எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு காலித் தட்டு இருக்குது. எங்கம்மா சொல்றதுக்குத் தலையாட்டிக்கிட்டு இருக்கற நான்தான் அது. ரெண்டு காலித் தட்டை அடுக்கி வெச்சு என்னங்க பண்றது?"

 தெய்வசிகாமணி, "மாப்ளே, காலிதானே நல்லது? உங்கம்மாவே சொன்னாங்களே!" என்று கெஞ்சினார்.

வஞ்சி மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னலில் அவன் தட்டுக்கு ஊதா தெரிந்தது. தன் தட்டுக்குப் பச்சை தெரிந்தது. கதிர் ஒன்றுதான். அப்படியானால் மாறியது தட்டு. திரும்பி வராவிட்டால் ஒண்ணுமில்லைன்னு சொல்லிரும் என்றானே. திரும்பி வரவில்லை, ஏனென்றால் நடுவில் யாரோ குடித்துவிட்டார்கள்.

சொல்லாவிட்டால் அவன் போய்விடுவான். சொன்னால் நினைப்பெல்லாம் சபையில் கொட்டும், நாச்சம்மாள் போய்விடுவார், அவனையும் கூட்டிக்கொண்டு. தொண்டை வரை வந்தது. வழக்கம்போலத் திரும்பிப் போகப் பார்த்தது. வஞ்சி அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"மஞ்சள்" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை.

"மஞ்சள்ங்க."

தெய்வசிகாமணி பதறிப்போய்த் தாம்பாளத்திலிருந்த கொம்பு மஞ்சளை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இந்தா அம்மிணி. எதுக்கு?"

வஞ்சி கொம்பு மஞ்சளைக் கையில் பிடித்துக்கொண்டே எழுந்தாள். 

"தட்டுல பூசுன மஞ்சள் ஊதாவைக் குடிச்சிருச்சுங்க! அதனாலதான் பச்சையாத் தெரிஞ்சுது. சிவப்பை விட்டுருச்சு, ஊதாவை விடலை. தட்டு காலி இல்லீங்க!"

ஒரே மூச்சில் அவள் பேசியது இதுவரை அதுதான் அதிகம். பாவாயி வாயைப் பொத்திக்கொண்டாள். செங்கோட்டுவேல் மஞ்சள் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டான்.

"ஈரோட்டுல பொறந்து வளந்து இது எனக்குத் தோணலை பாருங்க! நிலையத்துல உறையில போட்ட தட்டைத்தான் பாக்கறேன். ஏனுங்க, அப்ப உள்ள இருக்குதா?"

"நெம்ப இருக்குதுங்க" என்றாள் வஞ்சி. அழுகை வந்துவிடும்போல இருந்தது.

"அப்பக் கழுவிட்டுப் போடு, கேப்போம்" என்றார் நாச்சம்மாள். முகம் சுருங்கிவிட்டிருந்தது. "மூடி வெச்ச பாத்திரத்துல என்ன இருக்குதுன்னு நானும் பாக்கோணும்."

வஞ்சி தட்டை வாங்கக் கையை நீட்டினாள். கை நீட்டிய இடத்தில் தட்டு இல்லை. குற்ற உணர்ச்சியில் துடித்துக்கொண்டிருந்த பாவாயி அதைப் பறித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

"இருங்க சம்பந்தி, ஒரே நிமிசம்! பளபளன்னு கொண்டாறேன்!"

பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம். செங்கோட்டுவேலுக்குத்தான் முதலில் புரிந்தது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"அத்தை! நார் போடாதீங்க! கம்பி நார் போடாதீங்க!"

அவன் போய்ச் சேர்ந்தபோது பாவாயி முகத்தில் வெற்றிச் சிரிப்போடு திரும்பினாள். எந்தத் தட்டானாலும் அவள் கைக்கு வந்தால் கறை நிற்காது. இந்தத் தட்டிலும் ஒரு துளி மஞ்சள் இல்லை. வானவில்லும் இல்லை. பனி மூடிய சன்னல்போல வெளுத்திருந்தது.

மறுபடி மெஷினில் போட்டார்கள். "முதல் அடுக்கு" என்றது. "ம். சரிங்க. ம்." ஆழத்தில் இருந்ததால் பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. "எறங்கோணும்ங்க… கண்டக்டரு…" அதுவும் இருந்தது. மூன்றாம் அடுக்குக்கு லென்ஸ் மேலே போனது, கீழே வந்தது. அதற்குப் பிறகு மெஷின் ஒன்றுமே சொல்லவில்லை. காலி என்றுகூடச் சொல்லவில்லை.

"மில்லியில பத்துல ஒரு பங்கு" என்றான் செங்கோட்டுவேல் மெதுவாக. "எல்லாம் தொட்டியில போயிருச்சுங்க."

பாவாயி அழ ஆரம்பித்தாள். நாச்சம்மாள் கையைக் கட்டிக்கொண்டார். "இப்ப அங்க என்னமோ இருந்துச்சா இல்லையான்னு ஆரு சொல்றது?"

செங்கோட்டுவேல் வஞ்சிக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒன்றும் கேட்கவில்லை. சபையில் இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தியில் இலை போட்டு முடித்தவர்களும் வந்து நின்றுவிட்டார்கள். ஒரு நிமிடம் போயிற்று. தெய்வசிகாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். செங்கோட்டுவேல் கையைக் காட்டி அவரை அடக்கிவிட்டுத் தொடர்ந்து காத்திருந்தான்.

வஞ்சி அண்ணாந்து பார்த்தாள்.

"இந்த மண்டபத்துல முப்பத்தாறு பேன் இருக்குதுங்க" என்றாள். "முப்பத்தஞ்சு சுத்துது. சுத்தாத ஒண்ணுக்குக் கீழதான் எங்க வீட்டுக்காரங்களை உக்கார வெச்சிருக்காங்க."

இருநூறு தலைகளும் மேலே நிமிர்ந்தன. பெண் வீட்டார் வரிசையில் அதுவரை எதற்கு வியர்க்கிறது என்று தெரியாமல் விசிறிக்கொண்டிருந்தவர்கள், "அதானே!" என்றார்கள்.

"அந்தச் சுவத்துல எழுதியிருக்கற அன்னப் பறவைக்கு மூணு கால் இருக்குதுங்க. வந்ததுல இருந்து எண்ணிக்கிட்டே இருக்கேன். ஆரம்பத்துல ஐயர் சொன்ன மந்திரத்துல மாப்பிள்ளை பேரு வேற ஆரோ பேரு. எங்கப்பாவுக்கு நான் காலின்னு கேட்டதும் அழுகை வந்துச்சு, ஆனா அவரு அழுதது பெருமையில இல்லீங்க. அவருக்கே அது தெரியாது."

தெய்வசிகாமணி மேல்துண்டை மறுபடியும் எடுத்தார்.

"இந்தப் பொண்ணு காலின்னுதானே நான் ஒத்துக்கிட்டேன்!" என்று நாச்சம்மாள் கூவினார்.

"உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கோணும்ங்க அத்தை" என்றாள் வஞ்சி.  "என்ற நினைப்பைக் கேக்க மூணு கதிர் மெஷின் கொண்டாந்தீங்க. உங்க பையன் நினைப்பையும் கேட்டீங்க. உங்க தட்டை மட்டும் ஏனுங்க கொண்டாரலை?"

மண்டபத்தில் முப்பத்தைந்து பேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. நாச்சம்மாள் மருமகளாக வரப்போகிறவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து மெஷினைச் சுற்ற ஆரம்பித்தார். இறுக்கமாக, இரண்டு முடிச்சுப் போட்டு.

"ஐயரே, மசமசன்னு நிக்காதீங்க. தட்டை மாத்துங்க. மாப்பிள்ளை பேரைச் செரியாச் சொல்லுங்க" என்றார். "சோறு ஆறுது."

வெளுத்த தட்டும் வானவில் தட்டும் கை மாறின.

பந்தியில் இருவரையும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்தார்கள். வஞ்சி பேசிக்கொண்டே இருந்தாள். பாயசத்தைப் பற்றி, பரிமாறுகிறவரின் மீசையைப் பற்றி, எதிர் வரிசையில் மூன்றாம் முறை சோறு கேட்பவரைப் பற்றி. செங்கோட்டுவேல் சாப்பிட மறந்து கேட்டான். கடைசியில் மோருக்கு வந்தபோது, தயங்கித் தயங்கி அவனே ஒன்று கேட்டான்.

"ஏனுங்க, அந்தத் தட்டுல… தொண்ணூறு நாளும் என்னையத்தான் நினைச்சீங்களா?"

வஞ்சி யோசித்துப் பார்த்தாள். எதிர்வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒரு மாதம் ஓடியிருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்க வரும் ஆட்டுக்கு ஒரு பத்து நாள். தையல்காரர் கெடுத்த ரவிக்கைக்கு ஒரு வாரம் முழுசாக. இவனுக்கு, தாராளமாகக் கணக்குப் போட்டாலும், ஈரோட்டிலிருந்து பவானிக்குப் பஸ்ஸில் போய்ச் சேரும் அரை மணி நேரம் இருக்கலாம்.

அவன் மோரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"ஆமாங்க" என்றாள் வஞ்சி. "வேற ஆரை நினைக்கப் போறேன்?"

வாயைத் திறந்து அவள் சொன்ன முதல் பொய் அது. பழக்கமில்லாத வாய்க்கு அது நன்றாகவே வந்தது.